மாதிரி நாற்காலியில் ஒரு நிலவியலாளர்

எங்கள் வாரியத்தைப் பற்றி வெளியே பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள். பேசட்டும். அவர்கள் பேசும் சொற்களில் பாதிக்கு இன்னும் நாங்கள் ஒப்புதல் கொடுக்கவில்லை. ஆகையால் அந்தப் பேச்சை நாங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சொற்பொருள் நிலைநாட்டு வாரியம் என்பது இதன் முழுப்பெயர். நான் இங்கே குறிப்பெழுத்தன். ஒரு சொல்லுக்கு என்ன பொருள், அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று முடிவு செய்து பட்டியலில் ஏற்றுவது வாரியத்தின் வேலை. ஏறிய சொல்லைத்தான் அரசு அலுவலகங்கள் தாளில் ஏற்கும். ஏறாத சொல்லோடு வருகிறவர்கள் எங்களிடம் வந்து வரிசையில் நிற்பார்கள்.

தொழிற்பெயர்களுக்கு எங்களிடம் தனி முறை உண்டு. அந்தத் தொழில் செய்யும் ஒருவரை அழைத்து வந்து, கூட்ட அறையின் நடுவில் இருக்கும் உயரமான நாற்காலியில் உட்காரவைப்போம். சட்டையில் ‘மாதிரி’ என்று அட்டை குத்துவோம். உறுப்பினர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துப் பொருள் எழுதுவார்கள். மாதிரி வாயைத் திறக்கக்கூடாது. ஏன் என்று ஒருமுறை ஒரு பூட்டுக்காரர் கேட்டார். “நீங்களே உங்களுக்குப் பொருள் சொல்லிக்கிட்டா, எங்களுக்கு இங்க என்ன வேலை?” என்று தலைவர் திருப்பிக் கேட்டார். அவருக்குப் பதில் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

இந்த முறையில் சில சிக்கல்கள் வந்ததுண்டு, மறைக்க வேண்டியதில்லை. குழாய் பழுதுபார்ப்பவரை உட்காரவைத்தபோது எங்கள் அறைக் குழாயே ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து சரிசெய்யப் போனார். மாதிரி அசையக்கூடாது என்று உட்காரவைத்துவிட்டோம். அதனால்தான் எங்கள் பட்டியலில் அவருடைய தொழிலுக்கு ‘ஒழுகும் குழாயின் அருகில் சும்மா உட்கார்ந்திருப்பவர்’ என்று பொருள் இருக்கிறது. பிரசவம் பார்க்கும் அம்மா ஒருவர் கூட்டத்தின் நடுவிலேயே அழைப்பு வந்து ஓடிப்போனார். அவருக்கு ‘வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் வராதவர்’ என்று எழுதியிருக்கிறோம். பார்த்ததை எழுதுகிறோம், அவ்வளவுதான்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் அந்த மனிதர் வந்தார். காலணி நிறையச் சேறு, தோளில் தொங்கிய பையிலிருந்து ஒரு சுத்தியலின் பிடி எட்டிப் பார்த்தது. கவுண்டரில் ஓர் அறிக்கையை வைத்தார். நகராட்சி திருப்பி அனுப்பிய அறிக்கை.

“கையெழுத்துக்குக் கீழ நிலவியலாளர்னு போட்டிருக்கேன் சார். உங்க பட்டியல்ல அந்தச் சொல்லு இல்லையாம். அதனால அறிக்கையும் செல்லாதாம்.”

“புவியியலாளர் இருக்கே,” என்றேன். “அதப் போட்டுக் கொடுத்துட வேண்டியதுதானே?”

“அங்கயும் அதத்தான் சொன்னாங்க. அவங்க நாடு, ஊர், மக்கள், மழைன்னு பூமிக்கு மேல இருக்கிறதப் படிக்கிறவங்க. நான் பூமிக்குள்ள என்ன இருக்கு, அது எப்ப நகரும்னு பாக்கிறவன். தப்பான பேர்ல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அவங்களே அறிக்கை செல்லாதுன்னு சொல்லுவாங்க.”

விஷயம் இதுதான். மலையடித் தெருவின் கடைசி ஆறு வீடுகளுக்குப் பின்னால் மலைச்சரிவில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. போன தடவை அவர் பார்த்தபோது அதற்குள் விரல் போனதாம். இந்தத் தடவை முழங்கை போயிற்றாம். ஒரு நாள் மழை விடாமல் பெய்தால் சரிவு அப்படியே வீடுகளின் மேல் வந்து உட்கார்ந்துவிடும் என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. பால்காரர் இன்று பால் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

“அந்த வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லியாச்சா?”

“சொல்லாம இருப்பேனா? கடைசி வீடு எங்க அக்கா வீடுதான்.” கைகளைப் பிசைந்தார். “அவளே கேக்கமாட்டேங்கிறா. ஆணை வராமக் காலி பண்ணினா, தானாப் போனவங்கன்னு எழுதிப் பூட்டுப் போட்டுருவாங்களாம், மாத்து வீடு கிடைக்காதாம். மூணு வருஷம் முன்னாடி பக்கத்துத் தெருவுல அப்படித்தான் ஆச்சு. வட்ட முத்திரை வச்ச காகிதம் கொண்டா, மறு நிமிஷம் கிளம்புறேங்கிறா. அவ சொல்றதுலயும் தப்பில்ல சார்.”

அவசரம் என்று குறிப்பு எழுதி உள்ளே அனுப்பினேன். எங்கள் வாரியத்தில் ‘அவசரம்’ என்ற சொல் பரிசீலனையில் இருப்பதால் குறிப்பு திரும்பி வந்தது. வேறு சொல் போட்டு அனுப்பினேன். மறுநாளே அவரை நாற்காலியில் ஏற்றிவிட்டோம். வாரிய வரலாற்றிலேயே இவ்வளவு வேகம் கிடையாது.

உறுப்பினர்கள் மூவர். தலைவர், இலக்கிய உறுப்பினர், சட்ட உறுப்பினர். தலைவர் எப்போதும்போல ஓர் உரையோடு தொடங்கினார்.

“நண்பர்களே, இந்த மனிதர் நேத்து வரைக்கும் யாரு? ஒரு பையும் சுத்தியலும் வச்சிருந்த ஒருத்தர். இன்னைக்கு நாம பொருள் கொடுக்கப்போறோம். அப்புறம்தான் அவர் இருக்கவே ஆரம்பிக்கிறார். இதுல எனக்குப் பெருமை இல்ல. கடவுளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.”

இலக்கிய உறுப்பினர் சுத்தியலைக் கையில் வாங்கிப் பார்த்தார். “கல்லை உடைப்பவர்,” என்றார்.

“அப்ப ரோடு போடுறவங்க?” என்று சட்ட உறுப்பினர் குறுக்கிட்டார். “அவங்க வழக்குப் போட்டா?”

“சரி, கல்லை உடைத்து, உடைத்ததைப் பார்ப்பவர்.”

“அவங்களும் பாக்காமலா உடைக்கிறாங்க?”

“பார்த்து வியப்பவர்னு வச்சுக்கலாம்.”

மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் விரலை உயர்த்தினார். மாதிரி வாயை மூடிக்கொண்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் நாற்காலியிலிருந்து இறங்கி ஜன்னலுக்குப் போய் மலையிருக்கும் திசையைப் பார்த்தார். உட்காரவைத்தோம். மழை வலுத்தது. மறுபடியும் எழுந்து போனார். மறுபடியும் உட்காரவைத்தோம். மதியத்துக்குள் பொருள் முடிவாகிவிட்டது: ‘நிலவியலாளர் — நிலத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்; சுத்தியல் வைத்திருப்பார்; மழை பெய்தால் ஓரிடத்தில் உட்காரமாட்டார்.’

உண்மையைச் சொன்னால், எங்கள் பட்டியலில் இதைவிட மோசமான பொருள்கள் இருக்கின்றன.

“அப்ப முடிஞ்சுதா சார்?” என்று சாப்பாட்டு இடைவேளையில் மாதிரி என்னிடம் கேட்டார். முகத்தில் நம்பிக்கை தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

“பொருள்தான் முடிஞ்சுது. பயன்பாடு இருக்கே. சொல்லு நிஜமாவே பயன்படுதான்னு பாக்கணும். முதல்ல ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். அதை மாதிரியே சொல்லலாம், அங்க மட்டும் நீங்க வாயத் திறக்கலாம். உறுப்பினர்கள் அதத் திருத்துவாங்க. அப்புறம் களச் சோதனை.”

“அது என்ன?”

“எங்க வாக்கியத்துல ‘ஒரு ஊரில்’ங்கிற கதையே கிடையாது. தலைவரோட கொள்கை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முகவரி வேணும். எந்த முகவரி வருதோ அங்கயே போய் வாக்கியத்த ஒலிபெருக்கியில மூணு தடவை படிப்போம். வீட்டுக்கு ஒரு அட்டையில எழுதிக் கொடுப்போம். அடுத்த நாள் போய், அவங்க தானா அந்தச் சொல்லப் பேச்சுல பயன்படுத்துறாங்களான்னு கேப்போம். நாம கேட்டுச் சொன்னாச் செல்லாது. யாரும் கேக்காமச் சொல்லணும்.”

அவர் வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதி வழியில் நின்றது.

“அட்டையில முத்திரை இருக்குமா?”

“இங்கேருந்து வெளிய போற எல்லாத்துலயும் இருக்கும். டீ வாங்கிட்டு வரச்சொல்லி எழுதுற துண்டுச்சீட்டுல கூட உண்டு.”

“வட்ட முத்திரையா சார்?”

“வட்டம்தான். நடுவுல சின்னம்.”

கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்தபோது ஆளே வேறு மாதிரி இருந்தார். நாற்காலியில் தானாகவே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பிற்பகல் அமர்வில் அவர் தன் வாக்கியத்தைச் சொன்னார்: “மலையடித் தெருவின் கடைசி ஆறு வீடுகளில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்று நிலவியலாளர் எச்சரிக்கிறார்.”

இலக்கிய உறுப்பினர் பேனாவை மூடி வைத்தார்.

“வறட்சியா இருக்கு,” என்றார் இலக்கிய உறுப்பினர். “மலையடிவாரம், மழை, ஆறு குடும்பங்கள். எவ்வளவு அழகான இடம்! ‘மலைமகள் சற்றே புரண்டு படுக்கிறாள் என்று நிலவியலாளர் நெஞ்சம் நெகிழ்ந்தார்.’ எப்படி?”

“ஐயா, அவங்களுக்குப் புரியணும்ல?” மாதிரி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

“புரிஞ்சுட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?”

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு மாலையில் ஒரு பாராட்டு விழா, பாராட்டப்படுபவர் அவரே. “மலைமகளுக்கு முகவரி கிடையாது. கள வண்டி எங்க போகும்? மாதிரி சொன்னதையே எடுத்துக்கலாம்,” என்றார். இலக்கிய உறுப்பினர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அன்று முழுக்க இறக்கவே இல்லை.

அடுத்து சட்ட உறுப்பினர். “எச்சரிக்கிறார்னா பொறுப்பு வருது. கருத்துத் தெரிவிக்கிறார்னு போடலாம்.”

“கருத்துன்னா யாரும் எழுந்திருக்கமாட்டாங்க ஐயா. கூறுகிறார்னு போடுங்க, போதும்.”

“சரி, கூறுகிறார். ஆனா ‘உடனே’ இடிக்குது. நம்ம அகராதி நூறு வருஷம் நிக்கும். உடனேன்னா எப்போ? எந்த உடனே?”

மாதிரி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் அட்டை இருந்தும் பயனில்லை என்பது எனக்கே புரிந்தது. வாரியத்தில் நான் எதையும் புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, இருந்தாலும் புரிந்தது.

காப்பாற்றியவர் தலைவர். காரணம் வேறு.

“உடனேங்கிறது காலத்த வென்ற சொல்லு,” என்றார் எழுந்துகொண்டே. “வாசகன் எப்போ படிக்கிறானோ, அப்போதான் உடனே. நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் படிச்சாலும் அவன் அந்த நிமிஷமே வெளியேறணும். எவ்வளவு ஆழம்! இதை விழாவுல சொல்லப்போறேன்.”

வாக்கியம் நிறைவேறியது. ஆறு அட்டைகள் எழுதி, முத்திரை குத்தி, காயவைத்து எடுத்துக்கொண்டேன். மாதிரியையும் கள வண்டியில் ஏற்றிக்கொண்டோம். சோதனையின்போது மாதிரி உடனிருக்க வேண்டும் என்பது விதி.

மலையடித் தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கடைசி வீட்டு வாசலில் ஓர் அம்மா குடையோடு நின்று, கொடியில் நனைந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜன்னலோரம் தையல் மெஷின் தெரிந்தது. வண்டியிலிருந்து இறங்கிய தம்பியைப் பார்த்ததும் அந்த அம்மா முகத்தைச் சுளித்தார்.

“வந்துட்டான் கல்லு பொறுக்கி. ஏன்டா, காலையிலேருந்து எதுனா சாப்பிட்டியா? இந்த மழையில இன்னும் எத்தனை தடவ வருவ?”

“அக்கா, கொஞ்சம் பேசாம இரு. சார் படிப்பாரு.”

“யாரு இவரு?”

“முத்திரைக்காரரு.”

நான் ஒலிபெருக்கியை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, விதிப்படி ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தேன். “மலையடித் தெருவின் கடைசி ஆறு வீடுகளில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்று நிலவியலாளர் கூறுகிறார்.”

கதவுகள் திறந்தன. இரண்டாம் முறை படித்தேன். ஆட்கள் வெளியே வந்தார்கள். மூன்றாம் முறை படித்துவிட்டு அட்டைகளைக் கொடுத்தேன். அந்த அம்மா அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தை விட்டுவிட்டு முத்திரையை மட்டும் பார்த்தார். ஈரக் கையால் மெல்லத் தடவினார்.

“வட்டம்தான்,” என்றார்.

பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பினார். என் ஒலிபெருக்கிக்கு அந்தக் குரலில் பாதி கூட இல்லை. “ஆணை வந்துருச்சு! எல்லாரும் கிளம்புங்க! சாமான அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஆளுங்க கிளம்புங்க!”

“அம்மா, இது ஆணை இல்லை,” என்றேன். “இது எடுத்துக்காட்டு.”

“எதுவா இருந்தா என்ன? அந்தப் பக்கம் பிடிங்க.”

என்ன பிடிக்கச் சொல்கிறார் என்று தெரியாமலே பிடித்தேன். தையல் மெஷின். தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடந்துகொண்டே என் கடமையையும் செய்தேன். “வாக்கியத்துல நிலவியலாளர்னு வருதே, அது உங்களுக்குப் புரிஞ்சுதா?” என்று எதிரே வந்த ஒருவரிடம் கேட்டேன். அவர் தலையில் ஒரு மெத்தை இருந்தது. அவர் தன் மாமியாரை வண்டியில் ஏற்ற முடியுமா என்று கேட்டார். கள வண்டியில் பொதுமக்களை ஏற்றக்கூடாது. ஓட்டுநர் ஏற்கெனவே ஏற்றியிருந்தார்.

இருட்டுவதற்குள் ஆறு வீடும் காலி. எல்லோரும் பள்ளிக்கூடத்துக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் விதிப்படி இரண்டாம் கட்டச் சோதனைக்குப் போனேன். தெரு பாதியிலேயே முடிந்துவிட்டது. வீடுகள் இருந்த இடத்தில் மலை இருந்தது. சேற்றுக்கு மேலே ஒரு தெருவிளக்கின் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்து கிடந்த கொடிக்கயிற்றில் ஒரு துணிக் கவ்வி அப்படியே மாட்டியிருந்தது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில், ‘பதில் சொல்ல முகவரியில் யாரும் இல்லை’ என்று எழுதினேன்.

வாரியம் கூடியது. என் குறிப்பைத் தலைவர் இரண்டு தடவை படித்தார்.

“சொல்லைச் சொன்னோம். மறுநாள் போய்ப் பார்த்தோம். ஒரு ஆள் கூட அதப் பயன்படுத்தல. முடிவு தெளிவா இருக்கு. நிலவியலாளர்ங்கிற சொல்லு வழக்கில் இல்லை. நிராகரிக்கலாம்.”

“ஐயா,” என்றேன். குறிப்பெழுத்தன் பேசக்கூடாது, தெரியும். “அவங்க பேசாததுக்குக் காரணம், அவங்க அங்க இல்ல. இல்லாததுக்குக் காரணம், நம்ம வாக்கியம்.”

“அதுதான் எனக்கு வருத்தமே.” தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். குரல் நிஜமாகவே தழுதழுத்தது. “எடுத்துக்காட்டு வாக்கியத்தப் போய் உண்மைன்னு நம்பியிருக்காங்க. நாற்பது வருஷமா நான் வாக்கியம் எழுதுறேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன், அதக் கேட்டு ஏதாவது செஞ்சிருப்பானா? அந்த நம்பிக்கையிலதானே எழுதுறோம்? நாளைக்கு ‘அரசன் யானைமேல் வந்தான்’னு படிச்சுட்டு எல்லாரும் வாசல்ல போய் நின்னா, யானைக்கு யாரு பொறுப்பு?”

“நாம இல்ல,” என்றார் சட்ட உறுப்பினர் அவசரமாக. “அதுக்கு முதல்ல அந்த அட்டைகளத் திரும்ப வாங்கணும்.”

“மலைமகள்னு போட்டிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது,” என்றார் இலக்கிய உறுப்பினர். அவர் சொன்னது முழுக்க உண்மை. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அட்டைகளைத் திரும்பப் பெற நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கூடத்தின் வாசலில் நகராட்சி எழுத்தர் மேசை போட்டு உட்கார்ந்து மாற்று வீடு ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குடும்பமாக வந்து அட்டையை நீட்டியது. அவர் முத்திரையைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார், சாவியைக் கொடுத்தார். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர் விஷயத்திலும் படிக்கவில்லை. நிலவியலாளரின் அறிக்கையை எழுத்துக்கு எழுத்துப் படித்துத் திருப்பி அனுப்பியவரும் இவர்தான்.

“அதெல்லாம் வாரியத்தோட அட்டை,” என்றேன். “திரும்ப வேணும்.”

“கோப்புல சேத்தாச்சே சார்,” என்றார் அவர். “கோப்புல சேந்தா வெளிய வராது. உங்களுக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரியும். அங்கே இனி எனக்கு வேலை இல்லை. இருந்தும் உள்ளே போனேன்.

பாய்களும் மூட்டைகளும் பரந்து கிடந்தன. ஒரு மூலையில் தையல் மெஷின் இருந்தது. அதன் பக்கத்தில், சேற்றுக் காலணியைக் கூடக் கழற்றாமல், பையைத் தலைக்கு வைத்து அவர் சுருண்டு படுத்திருந்தார். இரவெல்லாம் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அக்கா அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். தம்பியின் சட்டையில் ‘மாதிரி’ அட்டை இன்னும் குத்தியிருந்தது. ஊக்கு குத்திவிடாமல் அதை மெதுவாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வாரியத்தின் முடிவை மாதிரிக்கு நேரில் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. தாளை எடுத்து, தொண்டையைச் செருமினேன். “இதனால் தெரிவிக்கப்படுவது யாதெனில்—”

அந்த அம்மா விரலை உதட்டில் வைத்தார்.

“மெதுவாங்க,” என்றார். “நிலவியலாளர் தூங்குறாரு.”

யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.